வெள்ளருவியும் ஆச்சியின் முகமும்

(குற்றாலத்தில் இளைஞர்களுக்காக நடந்த இரண்டு நாள் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

காலையில் நான் வந்து இறங்கும்போது உங்களில் பாதிப்பேர் பேரருவியிலிருந்து ஈரத்தலையோடு திரும்பிக்கொண்டிருந்தீர்கள். சாரல் நேரத்தில் குற்றாலத்தில் முகாமை வைத்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வகுப்பில் உட்கார் என்றால் யார் உட்காருவார்கள்? அதனால் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அருவிக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

அருவி நன்றாக விழுந்திருக்கிறது இல்லையா? பாறை தெரிகிறது, மேலே மரம் தெரிகிறது. உங்கள் முகம்? முன்வரிசைத் தோழர் சிரிக்கிறார். "பல்லு மட்டுந்தான் தெரியுதுக்கா" என்கிறார். நான் பேச வந்ததே இதைப் பற்றித்தான்.

நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வது படச் செயலாக்கத்தில். மங்கிய படங்களின் கான்ட்ராஸ்டைக் கூட்டுவது எப்படி என்பது என் தலைப்பு. கான்ட்ராஸ்ட் என்றால் ஒரு படத்தின் இருண்ட இடத்துக்கும் வெளிச்சமான இடத்துக்கும் உள்ள வேறுபாடு. எங்கள் பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, "போட்டோவப் பளிச்சுனு ஆக்குத வேலையா? அதுக்கா இத்தன வருசம்?" என்றார். ஆமாம் பெரியம்மா, அதுக்குத்தான் என்றேன். அவர் கேட்டதில் தப்பில்லை. இன்றைக்குக் கைப்பேசியில் ஒரு தட்டு தட்டினால் படம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. அந்தத் தட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, அதில் யார் தெரிகிறார்கள், யார் மறைகிறார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி.

முதலில் உங்கள் படம் ஏன் அப்படி வந்தது என்று சொல்கிறேன். கேமராவுக்கு எது முகம், எது தண்ணீர் என்ற கவலை அடிப்படையில் கிடையாது. அதற்குள் இருக்கும் ஒளிமானி மொத்தக் காட்சியின் சராசரியைப் பார்க்கும். உலகம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு பரப்பு என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ப எவ்வளவு ஒளியை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும். பேரருவிக்கு முன்னால் நின்றால் படத்தில் முக்கால்வாசி வெள்ளைத் தண்ணீர். "ரொம்ப வெளிச்சமாக இருக்கிறதே" என்று கேமரா ஒளியைக் குறைக்கிறது. குறைத்ததும் தண்ணீர் அழகாகிவிடுகிறது. முன்னால் நிற்கும் கறுத்த முகம் இருளுக்குள் போய்விடுகிறது. இப்போதைய கைப்பேசிகள் முகத்தைத் தேடிப் பிடித்தும், நாலைந்து படங்களை எடுத்து ஒட்டியும் இதைச் சமாளிக்கப் பார்க்கின்றன. ஆனாலும் உங்கள் முன்வரிசைத் தோழருக்குப் பல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இருக்கிறது. என் அம்மாவின் அம்மா, எங்கள் ஆச்சி, இதே பேரருவிக்கு முன்னால் நிற்கிற படம். ஆச்சிக்கு இருக்கும் ஒரே படம் அதுதான். தென்காசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நடவு வேலை முடிந்த ஒரு சாரல் காலத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து குற்றாலத்துக்கு வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது, அதனால் 1974 ஆக இருக்கலாம். அருவிக்கரையில் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற ஒருவர் எடுத்துத் தபாலில் அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படம். உள்ளங்கை அளவுதான். அதில் அருவி இருக்கிறது. வெள்ளைச் சேலை ஒன்று நிற்கிறது. சேலைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு.

ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆச்சியை எங்கள் ஊரில் பண்ணை வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லி ஒருமையில்தான் கூப்பிட்டார்களாம். அதனால் நான் எழுதும்போதும் பேசும்போதும் 'ஆச்சி நின்றார், ஆச்சி சிரித்தார்' என்றுதான் சொல்வேன். கேட்க ஒரு மாதிரி இருந்தால் பழகிக்கொள்ளுங்கள்.

நான் பிறப்பதற்கு முன்பே ஆச்சி போய்விட்டார். ஆய்வில் சேர்ந்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "ஏட்டி, ஒம் படிப்புல எங்கம்மா மொகத்த எடுக்க முடியுமா?"

அந்தப் படத்தை ஆய்வகத்தில் நல்ல ஸ்கேனரில் போட்டேன். கணினிக்குள் போனதும் படம் என்பது எண்கள்தான். சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. அருவியின் எண்கள் 230க்கு மேலே கிடந்தன. ஆச்சியின் முகம் 9லிருந்து 27க்குள் அடங்கிப்போயிருந்தது. 256 படிகள் உள்ள ஏணியில் ஒரு முழு முகத்துக்கும் கிடைத்தது 19 படிகள். நெற்றி, கன்னம், மூக்கு, உதடு எல்லாம் அந்த 19க்குள்.

எந்தப் படியில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று வரைந்தால் அதற்கு ஹிஸ்டோகிராம் என்று பெயர். உங்கள் கைப்பேசியில் படத்தைத் திருத்தும் செயலி சிலவற்றில் மலைபோல ஒரு வரைபடம் வருமே, அதுதான். கான்ட்ராஸ்டைக் கூட்டுவதற்குப் பாடப்புத்தகத்தில் முதலில் சொல்லித்தரும் வழி இந்த மலையை இரண்டு பக்கமும் இழுத்து நீட்டுவது. ஆச்சி படத்தில் அது பலிக்கவில்லை. ஏனென்றால் படத்தில் ஏற்கெனவே தண்ணீர் 255ஐத் தொட்டு நிற்கிறது, பாறை நிழல் 0வைத் தொட்டு நிற்கிறது. மொத்தமாகப் பார்த்தால் கான்ட்ராஸ்ட் நிறையவே இருக்கிற படம் அது. முகத்துக்குள் மட்டும்தான் இல்லை. மொத்த நாட்டுக் கணக்கில் வளர்ச்சி இருக்கும், நம் தெருவில் இருக்காது என்பது உங்களுக்கு நான் விளக்க வேண்டிய விஷயமில்லை.

அடுத்த வழியின் பெயரே கவர்ச்சியானது: ஈக்வலைசேஷன், சமப்படுத்தல். முதலாண்டில் இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வேலை செய்யும் விதத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. எந்தப் படியில் புள்ளிகள் அதிகமோ, அந்தப் படிக்கு அதிக இடம் ஒதுக்குவார்கள். எங்கே புள்ளிகள் குறைவோ, அந்தப் படிகளை நெருக்கி ஒன்றாக்கிவிடுவார்கள். பெரும்பான்மைக்கு ஏணியில் பெரும்பங்கு. செய்து பார்த்தேன். அருவித் தண்ணீரில் அதுவரை தெரியாத சாயல்கள் எல்லாம் தெரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு திவலையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆச்சியின் 19 படிகள் நாலைந்தாகச் சுருங்கிவிட்டன. சமப்படுத்தியதில் ஆச்சி முன்னைவிடக் கறுத்துப்போனார்.

இது யாருடைய சதியும் இல்லை. அந்தக் கணக்கை எழுதியவருக்கு ஆச்சியையும் தெரியாது, குற்றாலத்தையும் தெரியாது. படத்தில் அதிகம் இருப்பது எதுவோ அதுதான் முக்கியமானது என்று ஒரு எடுகோள், அவ்வளவுதான். ஆனால் எடுகோள்கள்தான் வேலையைச் செய்கின்றன.

மருத்துவப் படங்களில் இதே சிக்கல் வந்தது. எக்ஸ்ரேயில் எலும்பும் காற்றும் நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பார்க்க வேண்டிய சின்னக் கட்டி தெரியாது. 1987இல் ஸ்டீபன் பைசரும் அவரோடு இருந்தவர்களும் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதனதன் நிலைமைக்கு ஏற்பத் தனியாகக் கணக்குப் போடும் முறையை விரிவாக எழுதினார்கள். அதில் இன்னொரு திருத்தமும் உண்டு. ஒரு கட்டத்துக்குள் ஏதாவது ஒரு படியில் புள்ளிகள் குவிந்து கிடந்தால், அதற்கு ஒரு உச்சவரம்பு. வரம்புக்கு மேலே உள்ளதை வெட்டி மற்றப் படிகளுக்குப் பகிர்ந்துவிட வேண்டும். 1994இல் கரேல் சூடர்வெல்ட் இதற்கான நிரலை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார். சுருக்கமாக க்ளாஹே என்போம். இன்று எந்தக் கல்லூரி மாணவரும் நாலு வரியில் இதை ஓட்டிப் பார்க்கலாம்.

தனிக் கட்டம், உச்சவரம்பு, மறுபகிர்வு. உங்களுக்கு 1932 நினைவுக்கு வருகிறதா? எனக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதியும் இரட்டை வாக்கும் கிடைத்தன. செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். அதன் பிறகு நமக்கான இடங்களுக்கும் பொதுத் தொகுதியின் பெரும்பான்மையே ஓட்டுப் போட்டது. அம்பேத்கர் கடைசிவரை அதைக் குறித்து ஏன் கசப்போடு பேசினார் என்பது எனக்கு வகுப்பறையைவிட ஆய்வகத்தில்தான் நன்றாக உறைத்தது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் என் நெறியாளர் கோபித்துக்கொள்வார். விட்டுவிடுகிறேன்.

ஆச்சியின் முகம் இருக்கும் இடத்தில் கட்டங்களைச் சிறிதாக்கி, வரம்பைக் கூட்டிக் குறைத்துப் பல நாள் பார்த்தேன். வரம்பை அதிகம் தளர்த்தினால் தாளின் சொரசொரப்பு எல்லாம் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி எழும்பி வருகிறது. இறுக்கினால் ஒன்றும் வருவதில்லை. கடைசியில் ஒரு அளவில் வலது பாதி முகம் வந்தது. கன்ன எலும்பு. பாதி மூடிய கண், சாரல் அடித்திருக்கும். அப்புறம் காது. நீளமாக வளர்த்த, தோள் பக்கம் தொங்குகிற காது. அதில் ஒன்றுமே இல்லை, வெறும் துளை. முகத்தின் இடது பாதி வரவே இல்லை. அங்கே எண்கள் எல்லாம் ஒரே எண். ஒரே எண்ணை எவ்வளவு இழுத்தாலும் ஒரே எண்தான்.

இந்த இடம்தான் முக்கியம், தோழர்களே. கான்ட்ராஸ்டைக் கூட்டுவது படத்துக்கு வெளிச்சம் கொடுப்பதில்லை. இருக்கிற சின்ன வேறுபாட்டைப் பெரிதாக்கிக் கண்ணுக்குக் காட்டுவது மட்டும்தான். 9க்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தை 90க்கும் 110க்குமாக மாற்றலாம். வித்தியாசமே பதிவாகாத இடத்தில் கணக்கு கைவிரித்துவிடும். பதிவு செய்யும்போதே எறியப்பட்டதை எந்த முனைவர் பட்டமும் கொண்டுவராது.

தாளில் இல்லாதது நெகட்டிவில் இருக்கும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தாளைவிட நெகட்டிவ் அதிக ஒளி வேறுபாட்டைப் பிடித்துவைக்கும். அதனால் தென்காசியில் பழைய ஸ்டுடியோக்கள் எது எது என்று விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு பெரியவர், தொழிலை விட்டுப் பல வருடம் ஆனவர், உட்காரவைத்துப் பேசினார். பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளிச் சத்து உண்டு. அதை எடுப்பதற்காக நெகட்டிவுகளை எடைக்கு வாங்கிப்போகிறவர்கள் இருந்தார்கள். "எல்லாத்தையும் மூட மூடையாப் போட்டாச்சும்மா" என்றார். எங்கள் ஆச்சி யார் வீட்டுக் கொலுசிலோ இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் 'டச்சிங்' என்று ஒரு வேலை உண்டு. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்தானே, கறுப்பு முகம் வெளுப்பாக இருக்கும். அந்த முகத்தின் மேல் கூரான பென்சிலால் மெதுவாகக் கோடு போட்டால் அந்த இடம் அடர்த்தியாகும். அச்சில் முகம் வெளுத்து வரும். பெண் பார்க்கக் கொடுக்கும் படங்களுக்கு இது கட்டாயமாம். "கறுப்பா வந்தா திரும்ப வர மாட்டாங்கள்ளா" என்றார். பென்சிலால் செய்ததைத்தான் இப்போது கைப்பேசியில் பியூட்டி மோட் செய்கிறது. நான் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படம் எடுக்கப் போன ஒரு ஸ்டுடியோவில், "பவுடர் நல்லாப் போட்டுட்டு வாம்மா, கம்ப்யூட்டர்லயும் ஓரளவுக்குத்தான் ஏத்த முடியும்" என்றார்கள். வந்த படத்தை அம்மா பார்த்துவிட்டு யார் இது என்று கேட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிறம்தான் சாதி என்று நான் சொல்லவில்லை. நம்மிலும் எல்லா நிறத்தவரும் உண்டு, அவர்களிலும் உண்டு. பஞ்சாபுப் பார்ப்பனரும் பஞ்சாபுச் சமாரும் ஒரே இனவழிதான், சாதிக்கு இனம் அடிப்படை இல்லை என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையிலேயே அம்பேத்கர் வாதிட்டுவிட்டார். ஆனால் வெயிலில் யார் நின்றார்கள், படம் எடுக்கக் காசு யாரிடம் இருந்தது, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எடுத்த படமும் சரியாக வராமல் போனால் மறுபடி எடுக்க யாரால் முடிந்தது என்பதில் சாதி இருக்கிறது. பண்ணை வீட்டுக்காரர்களுக்கு முப்பது படம் இருக்கும். ஒன்று கறுத்துப்போனால் நட்டமில்லை.

இந்தக் கதை நம்மூரோடு முடிவதில்லை. வண்ணப்படம் வந்த காலத்தில் கொடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷிர்லி அட்டை' என்று பெயர். அவர் தோல் சரியாக வந்தால் அச்சு சரி. கறுப்பின மக்களின் முகம் சரியாக வரவில்லை என்பது பல ஆண்டுகள் பெரிய விஷயமாகவே படவில்லை. மரச்சாமான் விற்கிறவர்களும் சாக்லேட் விற்கிறவர்களும் தங்கள் பழுப்பு நிறங்கள் படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்தது பிலிமைத் திருத்த ஒரு காரணமானது. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மனிதர்கள் கேட்டபோது நகராதது மேசை நாற்காலிக்காக நகர்ந்தது. நேர்மையாகச் சொன்னால் எங்கள் ஆச்சி படத்துக்கு ஷிர்லி காரணமில்லை, அது கறுப்பு வெள்ளை. நம்மூரிலேயே, ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த பிலிமாகக்கூட இருக்கலாம். அங்கே குற்றவாளி அருவி வெளிச்சமும் அவசரமும்தான்.

கறுப்பு முகம் நன்றாகத் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். போலராய்டு நிறுவனத்தின் ஐடி-2 என்ற கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொடுக்கும் ஒரு பொத்தான் இருந்தது. கறுத்த முகங்களையும் தெளிவாகக் காட்டும். அந்த நிறுவனத்தின் பொருள்கள் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசின் கையில் எதற்குப் பயன்பட்டன? கறுப்பின மக்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தில் ஒட்டும் படங்களுக்கு. 1970இல் அந்த நிறுவனத்திலேயே வேலை செய்த கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்ஸும் இதைக் கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. நம்மை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அரசாங்கம் ஆசைப்படும்போது எதற்கு என்று கேட்க வேண்டும். 100 நாள் வேலையில் 2023 சனவரியிலிருந்து தினமும் இரண்டு முறை படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகை என்று ஆக்கினார்கள். எங்கள் ஊரில் பெண்கள் வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு மண் வெட்டுவார்கள். படத்துக்காக முக்காட்டை எடுத்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். அந்தப் படத்தில் முகம் தெரிகிறதா என்பது கூலி வருமா என்ற கேள்வியாகிறது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை 2018இல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்தபோது, வெளுத்த ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம்வரை போனது.

இனி, உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஆச்சி படத்தோடு நான் போராடிக்கொண்டிருந்தபோது என் சித்தி மகன் அதே படத்தைக் கைப்பேசியில் எடுத்து, செயற்கை நுண்ணறிவு செயலி ஒன்றில் போட்டான். அரை நிமிடம்தான். குடும்ப வாட்ஸப்பில், "அக்கா அஞ்சு வருசம், நான் அஞ்சு நொடி" என்று போட்டு அனுப்பினான். பார்த்தால் பளிச்சென்று ஒரு முகம். இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன. மூக்கு கூராக இருக்கிறது. நிறம் மாநிறத்துக்கும் மேலே. காது சின்னதாக, அதில் ஜிமிக்கி. எல்லோரும் கும்பிடு போட்டு வைத்திருந்தார்கள். அம்மா மட்டும் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா. யாரு இவ?" என்றார்.

அந்தச் செயலி செய்தது மேம்படுத்தல் இல்லை. பல லட்சம் முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு கணக்கு, இங்கே ஒரு பெண் முகம் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஊகித்து வரைந்தது. 2020இல் பல்ஸ் என்ற இப்படிப்பட்ட ஒரு கருவியிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தார்கள். அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. க்ளாஹே தெரியாத இடத்தில் கறுப்பாகவே விட்டுவிடும். அதற்குத் தெரியாது என்பது நமக்குத் தெரியும். இந்தச் செயலிகள் தெரியாத இடத்தில்தான் அதிகத் தெளிவாக வரைகின்றன. ஆச்சி வெறுங்காதோடு நின்றார் என்பது ஒரு செய்தி. அந்தத் துளையில் கிடந்தது எந்தப் பஞ்சத்தில் விற்றுப்போனது என்று அம்மா சொல்ல ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் சொல்வார். ஜிமிக்கி அந்தக் கதையைத் துடைத்துவிட்டது. தம்பியைத் திட்டவில்லை. அவனுக்கும் ஆச்சி முகம் வேண்டும், அவ்வளவுதான்.

இது குடும்பப் படத்தோடு போகாது. நீங்கள் நாளைக்கு ஒரு ஊரில் வன்கொடுமை நடந்த இடத்துக்குப் போவீர்கள். இரவில் எரிந்த வீட்டை, அடிபட்டவரின் காயத்தைக் கைப்பேசியில் எடுப்பீர்கள். கறுத்த தோலில் கன்றிப்போன காயம் கேமராவில் சுலபமாகத் தெரியாது. படத்தைக் 'கொஞ்சம் தெளிவாக்கி' பகிர வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அப்போது ஆச்சியின் ஜிமிக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோகுல்ராஜ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 சூன் மாதம் திருச்செங்கோடு கோயிலில் அவர் கடைசியாக இருந்ததைக் காட்டியது கோயிலின் சிசிடிவி. வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2022 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் அந்தக் காட்சியையே போட்டுக் காட்டியபோதும், உடன் இருந்த முக்கியச் சாட்சி அதில் இருப்பது நான் இல்லை என்று சொன்னார். மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் கொடுத்த தண்டனையை 2023 சூனில் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் உறுதி செய்தது. ஒரு மனிதர் 'நான் இல்லை' என்று சொல்லும்போது நீதிமன்றத்தின் முன் மீதி நிற்பவற்றில் படமும் ஒன்று. அந்த மாதிரி ஒரு காட்சியை யாரோ ஒரு நல்லெண்ணத் தோழர் செயலியில் போட்டு முகத்தைக் கூர்மையாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறு வேலையே இருந்திருக்காது.

அதனால் சில வேலைகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எடுக்கும்போதே சரியாக எடுப்பதுதான் முதல் மேம்படுத்தல். திரையில் முகத்தின் மேல் அல்லது காயத்தின் மேல் விரலை வைத்தால் கேமரா அந்த இடத்துக்கு ஒளியைக் கணக்கிடும், பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் இன்னும் கூடும். பின்னணி வெளுத்துப் போனால் போகட்டும். அருவி ஒருநாள் வெளுத்துப்போனால் ஒன்றும் கெட்டுப்போகாது. பியூட்டி மோடை அணைத்து வையுங்கள், சில கைப்பேசிகளில் வாங்கும்போதே அது இயக்கத்தில் இருக்கும். நிலாவைப் படம் எடுத்தால் அதில் இல்லாத பள்ளங்களையும் சேர்த்துத் தருகிறது என்று ஒரு பெரிய நிறுவனத்தின் கைப்பேசியைப் பற்றி 2023இல் சர்ச்சையே நடந்தது. காயத்தை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்து ஒரு படம், வைக்காமல் ஒரு படம்.

எடுத்த கோப்பைத் தொடாதீர்கள். திருத்த வேண்டுமென்றால் நகலில் திருத்துங்கள், என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம் முதலிய தகவல்களும் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்கானது. பழைய சட்டத்தில் 65பி. சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளியை மாற்றினாலும் எண் மாறிவிடும். சட்டம் பக்கம் பேசும்போது இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15அ பிரிவின் பத்தாவது உட்பிரிவு, இச்சட்டப்படியான குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்கிறது.

நில ஆவணம் தேடுகிற தோழர்களுக்கு ஒரு துணுக்கு. பஞ்சமி நிலங்களை 1892 அரசாணையில் கொடுத்தபோது பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. பழைய பதிவேடுகளில் இப்படிப்பட்ட நிபந்தனைகள் சில நேரம் வேறு நிற மையில் ஓரத்தில் ஒரு குறிப்பாக இருக்கும். மங்கிய சிவப்பு மையைக் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் எடுத்தால் தாளோடு தாளாகக் கரைந்துவிடும். வண்ணத்தில் படம் எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பச்சையை மட்டும் பாருங்கள். தாள் வெளுப்பாகவும் சிவப்பு மை கறுப்பாகவும் நிற்கும். பாறை ஓவியங்களைப் படிக்கிறவர்கள் இதே மாதிரி வழிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கே நாம் எதையும் சேர்க்கவில்லை, எழுதியவர் எழுதியதைத்தான் படிக்கிறோம். வழியை எழுதிக் கொடுத்தால் வட்டாட்சியரும் தன் கணினியில் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆச்சி படத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வலது பாதி தெரிகிற, இடது பாதி கறுப்பாகவே இருக்கிற அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். நிறைய நேரம் பார்த்தார். விரலைக் காது இருந்த இடத்தில் வைத்தார். "அந்தப் பக்கம் நான் நின்னேன்" என்றார். அசல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். இடது கைப்பக்கம் சேலையின் வெள்ளை ஓரிடத்தில் கசங்கி இழுபட்டிருந்தது. ஆறு வயதுப் பிள்ளை பிடித்து இழுத்த கசங்கல். இத்தனை மாதம் நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. அதற்குக் கணக்கு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

சாயங்காலம் ஐந்தருவிக்குப் போகும் திட்டம் இருக்கிறது என்றார்கள். போய் வாருங்கள். வீட்டிலிருந்து பழைய படம் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் ஏழு மணிக்கு மேல் மேல்மாடி அறைக்கு வாருங்கள், ஸ்கேனர் அங்கே இருக்கிறது. படத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு வராதீர்கள், ஈரக் கையால் தொடாதீர்கள். சட்டத்திலிருந்து பிரிந்து வராமல் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள். பின்பக்கத்தையும் சேர்த்துத்தான் ஸ்கேன் செய்வேன். பென்சிலில் ஏதாவது பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.